பெரும் பிளவு



நவம்பர்த் திங்கள் இறந்தோரின் திங்கள். அதன் இரண்டாம் நாள் நாம் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறோம். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலை சாற்றி, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். அவ்வேளையில், வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வியொன்று பலர் நெஞ்சில் எழுகின்றது. ‘நம்மவர் இப்போது எங்கே இருக்கின்றார்? நரகம் என்று ஒன்று மெய்யாகவே உண்டா?’ முதியோர் சிலர் இக்கேள்வியால் நடுங்குகின்றனர். இளைஞர் சிலர் நகைத்து ஒதுக்குகின்றனர். நடுக்கத்திற்கும் நகைப்பிற்கும் காரணம் ஒன்றே. இரு சாராரும் நரகத்தைப் பற்றிப் பிழையான படமொன்றை மனத்தில் தாங்கியிருக்கின்றனர்.

அப்படம் எத்தகையது என அறிய நம் செஞ்சிக் கோட்டைக்குள் சென்றாலே போதும். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்ட இக்கோட்டையைக் காண இப்போது வெளியூரார் பலர் வருகின்றனர். அவர்களுக்குக் காட்டப்படுவனவற்றுள் ‘கைதிகளின் கிணறு’ என்பதும் ஒன்று. பெரும்பாறை ஒன்றில் இயற்கையாய் அமைந்த துளை. அதன் வாயைச் சுற்றிச் செங்கற்சுவர். சாவுத் தண்டனை பெற்றோரை அதனுள் தள்ளி, பசியால் மடியவிட்டனர் என வழிவழியாய்ச் சொல்லப்படுகின்றது. நம்மில் பலர் எண்ணும் நரகம் இதுவேயன்றோ! கோட்டைத் தலைவன் மேலே நிற்கின்றான். குற்றவாளி கீழே அலறுகின்றான். தலைவனின் செவியோ கேளாச் செவி. அந்தத் தலைவனின் இடத்தில் நாம் விண்ணகத் தந்தையை நிறுத்திவிட்டோம்.

இப்படத்திற்கும் மறைநூலுக்கும் உள்ள தொலைவு பெரிது. ‘செயோல்’ என்பது எபிரேய மக்கள் இறந்தோர் உலகிற்கு வழங்கிய பெயர். நல்லோரும் தீயோரும் அங்கேயே செல்வர் என அவர்கள் எண்ணினர். விசுவாச அறிக்கையில், ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என நாம் அறிக்கையிடுவது இவ்வுலகையே குறிக்கும். நம் ஆண்டவர் எச்சரித்துக் கூறிய ‘கெகன்னா’ வேறு. அது யெருசலேம் நகரின் தெற்கே கிடந்த இன்னோம் பள்ளத்தாக்கு. முற்காலத்தில் அங்கே மக்கள் தாம் பெற்ற பிள்ளைகளையே பொய்த் தேவனுக்கு நெருப்பில் பலியிட்டனர். இக்கொடுமையைத் தாம் கட்டளையிடவுமில்லை, மனத்தால் எண்ணவுமில்லை என ஆண்டவர் எரேமியா இறைவாக்கினர் வழியாக உரைத்தார். ஆகவே நரகத்திற்குப் பெயர் தந்த அப்பள்ளத்தாக்கில் நெருப்பை மூட்டியவர் கடவுளல்லர், மனிதரே.

மறுமையைப் பற்றிய இவ்வினா செஞ்சி மண்ணிற்குப் புதியதன்று. ஊருக்கருகேயுள்ள திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைப் பற்றிய பழங்கல்வெட்டும் அங்கே உண்டு. நம் அண்டை அயலாராகிய சமணர்கள் நரகங்கள் ஏழு என்பர்; ஆயினும் எவரையும் எந்தக் கடவுளும் அங்கே தள்ளுவதில்லை, அவரவர் வினையே இட்டுச் செல்கின்றது, காலம் முடிந்தபின் உயிர் அங்கிருந்து நீங்கும் என்பர். வினைக்குப் பொறுப்பு செய்தவனுடையதே என்பதில் அவர்களோடு நாம் உடன்படுகிறோம். மறுபிறவி உண்டு என்பதில் உடன்படுவதில்லை. தமிழ் மண்ணில் உழைத்து 1656-இல் இறைவனடி சேர்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நோபிலி, மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தனிநூலே எழுதினார். நமக்குள்ள வாழ்வு ஒன்றே. அதனால்தான் இன்று நாம் செய்யும் தெரிவு இத்துணைக் கனமுடையதாகின்றது.

திருச்சபை போதிப்பது யாது? 1992-இல் வெளிவந்த ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூல் நரகம் உண்டென்பதையும் அது முடிவற்றதென்பதையும் மறைக்கவில்லை. ஆனால், மனிதன் கடவுளோடுள்ள உறவினின்று தன்னைத்தானே முற்றாக விலக்கிக்கொள்ளும் நிலையே நரகம் என்றும், கடவுள் எவரையும் நரகத்திற்கென முன்குறிப்பதில்லை என்றும் தெளிவாய் உரைக்கின்றது. 1999-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திருத்தந்தை இரண்டாம் அருள்சின்னப்பரும் இதனையே விளக்கி, நரகத்தை ஓர் இடமாகக் கருதுவதைவிட, கடவுளை மனமார விட்டகன்றவனின் நிலையாகக் கொள்ளுதல் வேண்டும் என்றார். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தையும் ஊன்றி நோக்குங்கள். நல்லோர் பெறும் அரசு உலகம் உண்டானது முதல் அவர்களுக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டது. நெருப்போ அலகைக்கும் அதன் தூதருக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. மனிதனுக்கென இறைவன் அமைத்த இல்லம் ஒன்றே. மற்றதனுள் மனிதன் தானாக நுழைகின்றான்.

எங்ஙனம் நுழைகின்றான்? மீண்டும் கோட்டைக்கே வருவோம். ஏறத்தாழ எண்ணூறு அடி உயரமுள்ள இராஜகிரியின் உச்சிக்கு ஏறுவோரை, முடிவில் ஓர் ஆழ்ந்த பாறைப் பிளவு தடுத்து நிறுத்தும். அதனைக் கடக்க ஒரு பாலமன்றி வேறு வழியில்லை. பண்டு அது தூக்குப் பாலமாய் இருந்தது. உள்ளே இருப்பவர் அதனை எடுத்துவிட்டால் எதிரி எவனும் அணுக இயலாது. களஞ்சியமும் சுனையும் மலைமேலேயே உண்டு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் மராட்டியர் இக்கோட்டையைக் காத்து நின்றமைக்கு இத்தகைய அமைப்பும் ஒரு காரணம். போரில் இஃது அறிவுடைமையே. வாழ்க்கையில் ஒருவன் இவ்வாறு செய்வானாயின் என்னாகும்?

லூக்காஸ் நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய செல்வனின் கதை இதற்கு விடையளிக்கின்றது. அவன் திருடினான் என்றோ கொன்றான் என்றோ ஆண்டவர் கூறவில்லை. நாள்தோறும் விருந்துண்டான், வாயிலில் புண்கள் நிறைந்தவனாய்க் கிடந்த லாசரைக் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவே. இறந்தபின் இருவருக்குமிடையே கடக்கவொண்ணாப் பெரும் பிளவு இருப்பதை ஆபிரகாம் சுட்டிக்காட்டுகின்றார். அப்பிளவை வெட்டியவர் யார்? செல்வனின் வாசற்படியில் அது நாள்தோறும் வெட்டப்பட்டு வந்தது. இன்னுமொன்று காணுங்கள். வேதனையிலும் அவன் லாசரின் பெயரைச் சொல்லுகின்றான். ஆகவே வாயிலில் கிடந்தவன் யாரென அவன் அறிந்தே இருந்தான்! ஆயினும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவர அவனை ஏவும்படி ஆபிரகாமைக் கேட்கின்றான். தன் சகோதரரிடம் தூதனுப்பவும் அவனையே கேட்கின்றான். நெருப்பின் நடுவிலும் லாசர் அவனுக்கு ஏவலாளே. உள்ளிருந்து உயர்த்திய பாலத்தை இன்னும் அவன் இறக்கவில்லை.

இவ்வாறாயின் இன்னார் நரகத்தில் இருக்கின்றார் என நாம் சொல்லலாமா? கூடாது. திருச்சபை புனிதர் பலரின் பெயரை விண்ணகப் பட்டியலில் அறிவித்திருக்கின்றது. நரகத்தில் உள்ளோர் என ஒருவர் பெயரையேனும் இதுவரை அறிவித்ததில்லை. தற்கொலை செய்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோர் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளவேண்டும். மனமறிந்து தற்கொலை செய்தோர்க்குத் திருச்சபை அடக்கச் சடங்கு இல்லையென 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு விதித்திருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்விதி இல்லை. கொடிய வேதனையும் மனநோயும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், தாம் மட்டுமே அறிந்த வழிகளில் இறைவன் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்பளிக்க இயலும் என்றும் கூறித் திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகின்றது. ஆகவே அழுகின்ற தாயிடம் நரகத்தைப் பேசும் நாவை அடக்குவோம். அவரோடு முழந்தாளிட்டு ஒரு செபமாலை சொல்லுவோம்.

பிறருடைய முடிவைப் பற்றிய கவலையை இறைவனிடம் ஒப்படைத்தபின், நம் கையிலுள்ள மண்வெட்டியைப் பார்ப்போம். பெரும் பிளவு நம்மிடையே எங்கே வெட்டப்படுகின்றது? சொல்ல நா கூசினும் சொல்லியாகவேண்டும். மெழுகுதிரி ஏற்றச் செல்கின்றோமே, அக்கல்லறைத் தோட்டங்களிலேயே! திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் இறந்தோரைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி நாளேடுகள் பலமுறை எழுதியுள்ளன. 2008-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் கத்தோலிக்கர் இரு பிரிவாய் மோதிக்கொண்டனர். காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இறுதி ஊர்வலம் செல்லும் பாதையும் அடக்கம் செய்யும் நிலமும் அங்கே நெடுநாள் வழக்காய் இருந்தன. சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து இந்திய ஆயர்கள் 2016-இல் கொள்கை அறிக்கையே வெளியிட்டுள்ளனர். அறிக்கை வந்தும், ஊருக்கு ஊர் இரண்டு இடுகாடுகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் மூழ்கி, ஒரே அப்பத்தை உண்டவர்கள், மண்ணுக்குள் மட்டும் தனித்தனியே கிடக்க வேண்டுமாம்! லாசரின் அருகே படுக்க விரும்பாதவன் ஆபிரகாமின் மடியை எங்ஙனம் விரும்புவான்? அங்கே இருப்பவன் லாசரன்றோ! நரகம் உண்டா என நம்மைக் கேட்கும் இளைஞருக்கு நாம் அளிக்கும் மறுமொழி இதுவே: நரகம் எப்படியிருக்கும் என அறிய மறுமை வரை காத்திருக்க வேண்டியதில்லை, சகோதரன் பக்கத்தில் இருக்கவும் அவனோடு இருக்க மனமில்லாத நிலையை நம் ஊரிலேயே காணலாம். அது முடிவின்றி நிலைத்துப்போவதே நரகம்.

ஆயினும் உயிருள்ள வரை பாலம் நம் வசம் இருக்கின்றது. இவ்வாண்டு கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்யட்டும். நம்மவர் கல்லறையில் ஏற்றும் மெழுகுதிரியோடு மற்றுமொன்றை எடுத்துச் சென்று, வேறு தெருவைச் சேர்ந்தவர் ஒருவரின் கல்லறையில் ஏற்றுங்கள். கல்லறைத் தோட்டம் இரண்டாக இருப்பின் மற்றதற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பங்குப் பேரவை கூடும்போது, அடுத்த அடக்கம் ஒரே பாதையில், ஒரே நிலத்தில் நடைபெறவேண்டும் என எழுந்து பேசுங்கள். சிலர் முகஞ்சுளிப்பர், சிலர் உறவை முறித்துக்கொள்வோம் என்பர். அப்போதும் பின்வாங்காதீர்கள். பாதாளம் வரை இறங்கிச் சென்று மனிதனின் கைபிடித்த நம் ஆண்டவர், பக்கத்துத் தெரு வரை நடக்கும் வலிமையை நமக்கு அருளாமற் போவாரோ?