கண்ணுக்குத் தெரியாத சொத்து



நம் கம்பைநல்லூர்ப் பகுதியில் நிலத் தகராறு வந்தால் என்ன செய்கிறோம்? பட்டா, சிட்டா, மூலப்பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறோம். தீரவில்லையென்றால் நீதிமன்றம் செல்கிறோம். ஆனால் கணினியில் மட்டுமே இருக்கும் சொத்து முடங்கிப்போனால் எங்கே போவது?

இது கற்பனைக் கேள்வியல்ல. 2024 ஜனவரியில் ஒரு பெண், சென்னையிலுள்ள வங்கிக் கணக்கின் வழியாக 1,98,516 ரூபாய் செலுத்தி, 'வாசிர்எக்ஸ்' தளத்தில் 3,532.30 'எக்ஸ்.ஆர்.பி.' நாணயங்களை வாங்கினார். அதே ஆண்டு ஜூலை 18 அன்று அத்தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள வேறு வகை நாணயங்கள் திருடப்பட்டன. அவருடைய நாணயங்கள் திருடு போகவில்லை. ஆயினும் அவர் கணக்கும் முடக்கப்பட்டது. இழப்பை எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், வழக்கைச் சிங்கப்பூரில்தான் தீர்க்க வேண்டும் என்றது நிறுவனத் தரப்பு.

இரண்டு லட்சத்திற்காகச் சாதாரண மக்கள் சிங்கப்பூருக்குப் போக முடியுமா?

2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதற்குப் பதில் தந்தார். மெய்நிகர் நாணயம் தொட்டுணரக்கூடிய பொருளல்ல, புழக்கத்திலுள்ள பணமுமல்ல. ஆயினும் அது சொத்தே. ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து. பணம் சென்னையிலிருந்து சென்றதால் இங்குள்ள நீதிமன்றமும் தலையிடலாம் என்றார். நடுவர் தீர்ப்பாயம் முடிவெடுக்கும்வரை 9.56 லட்ச ரூபாய்க்குப் பாதுகாப்பு அளிக்கவும் ஆணையிட்டார்.

ஆனால் இது இடைக்காலப் பாதுகாப்பே. சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. இழப்பை எந்த நாளின் விலைப்படி கணக்கிடுவது, வாங்கிய நாளா, தீர்ப்பு நாளா? உரிமையாளர் இறந்தால், கடவுச்சொல் தெரியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2022 முதல் இந்த வருமானத்திற்கு அரசு 30 விழுக்காடு வரி வாங்குகிறது. ஆனால் முதலீட்டாளரைக் காக்கும் தனிச்சட்டம், இத்தீர்ப்பு வந்த நாளிலும் நம் நாட்டில் இல்லை. வரி வாங்கத் தெரிந்த நமக்கு, வரி கட்டுபவரைக் காக்கத் தெரிய வேண்டாமா?

சட்டம் வரும்வரை நாம் விழிப்பாயிருப்போம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்தாதிருப்போம். தகராறு எந்த ஊரில் தீர்க்கப்படும் என்று முதலில் பார்ப்போம். வைத்திருப்பதை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவோம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிற நாம், கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டாமா? சிந்திப்போம்.