கிணற்றைக் குற்றவாளியாக்கும் அட்டவணை

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் அடுத்த டெங்கு எந்த வீட்டுக்கு வரும் என்று இப்போதே சொல்லிவிடலாமாம். சொல்பவர் மை போட்டுப் பார்ப்பவர் அல்லர். கையில் இருவழி அட்டவணை, அதாவது கிணறு உண்டா இல்லையா என்பதை ஒரு வழியிலும் நோய் வந்ததா இல்லையா என்பதை மறு வழியிலும் எண்ணிப் போடும் அட்டவணை, வைத்திருக்கும் படித்த நண்பர். 2017இல் காய்ச்சலோடு வைத்தியசாலையில் கிடந்தவர்களைப் பற்றி விசாரித்தாராம். பெரும்பாலானோர் வீட்டில் கிணறு இருந்ததாம். ஆகவே கிணறு உள்ள வீட்டுக்குத்தான் ஆபத்து, கிணறுகளை மூடுங்கள் என்கிறார்.

அந்தப் பெரும்பாலானோர் சோறும் தின்றிருப்பார்கள். சோற்றுப் பானையையும் மூடச் சொல்வாரா?

2017 மார்ச்சில் இந்த ஊர் பட்ட பாடு சின்னதல்ல. வைத்தியசாலை நிரம்பியது, பாடசாலைகளை மூடினார்கள். அந்த ஆண்டு இலங்கை முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். இறந்தவர்கள் 400க்கும் மேல். அந்தத் துயரத்தை வைத்துக் கணக்குப் போடுபவர், நிரை எது நிரல் எது என்றாவது பார்த்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன். இவை அளந்தவை அல்ல. 1,000 வீடுகள். 900இல் கிணறு உண்டு, 100இல் இல்லை. டெங்கு வந்த வீடுகள் 50. அவற்றில் 44இல் கிணறு, 6இல் இல்லை. நண்பர் 50ஐ அடியில் போட்டு 44ஐ வகுக்கிறார்: 88 வீதம்! ஆனால் அவர் சொல்ல வந்தது வரப்போகும் நோயைப் பற்றி. அதற்கு அடியில் இருக்கவேண்டியது கிணறு உள்ள 900 வீடுகள். 44ஐ 900ஆல் வகுத்தால் 5 வீதம்கூட இல்லை. கிணறு இல்லாத வீடுகளிலோ 100க்கு 6. அதே அட்டவணை, முடிவு தலைகீழ். அந்த 6ஐயும் நான் நம்பச் சொல்லமாட்டேன். இரண்டு வீடு குறைந்தால் அது 4 ஆகிவிடும்.

நண்பரிடம் இந்த 900உம் 100உம் இல்லவே இல்லை. காய்ச்சல் வராத ஒரு வீட்டுக் கதவையும் அவர் தட்டவில்லை. வீட்டிலேயே படுத்து எழும்பியவர்களும் அவர் கணக்கில் வரமாட்டார்கள். இருவழி அட்டவணை என்று அவர் நீட்டுவதில் ஒரு வழி மட்டும்தான் இருக்கிறது.

சரி, எல்லா வீட்டையும் கேட்டே நிரப்பினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அட்டவணை ஏமாற்றும். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 1970களின் தொடக்கத்தில் விபரம் எடுத்த 1,314 பெண்களை இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புகைத்தவர்களில் 24 வீதத்தினரும் புகைக்காதவர்களில் 31 வீதத்தினரும் இறந்திருந்தார்கள். புகைத்தால் ஆயுள் கூடும் என்று அர்த்தமா? புகைக்காதவர்களில் கிழவிகள் அதிகம், அவ்வளவுதான். வயதுவாரியாகப் பிரித்ததும் பெரும்பாலான பிரிவுகளில் புகைத்தவர்களே கூடுதலாக இறந்தது தெரிந்தது. கிண்ணியாவிலும் கிணற்றுக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கலாம்: நெருக்கமாகக் கட்டிய வீடுகள், அள்ளாத குப்பை, மழைநீர் தேங்கிய டயர். பிரித்துப் பார்த்தாரா? இல்லை.

இன்னொன்றையும் அவர் மறந்துவிட்டார். 2017இல் மேலோங்கியது டெங்கு வைரஸின் இரண்டாம் வகை. அதில் விழுந்து எழும்பியவர்களுக்கு அந்த வகைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். வேறு வகை வந்தால் கதை வேறு. அன்றைய காய்ச்சலை வைத்து நாளைய வீட்டைக் குறிக்கப் போனவர் இதையாவது விசாரித்திருக்க வேண்டும்.

நான் கிணற்றுக்கு வக்காலத்து வாங்கவில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் உவர்நீர்க் கிணறுகளிலும் எறிந்த பாத்திரங்களிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். அவர்கள் தண்ணீரை அள்ளிப் பார்த்துச் சொன்னார்கள். கட்டிலில் கிடந்தவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

ஆகவே நண்பரே, நோய் வராத வீடுகளின் நிரையோடும், வட்டாரவாரியாகப் பிரித்தும் அட்டவணையை முழுதாக வெளியிடுங்கள். அதுவரை கிண்ணியா மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிணற்றை மூடாதீர்கள், வலை போடுங்கள்; வளவில் கிடக்கும் சிரட்டையையும் டயரையும் இந்த வாரமே அகற்றுங்கள்.