வேற்று நாட்டுத் தளபதிக்கு ஏன் ஒரு புள்ளி குறைவு?



விடுமுறைக்கு வந்த பேரன் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றைக் கூடத்தில் விரித்தான். வரைபடம், படைகளுக்கு அட்டைச் சில்லுகள், பகடை. அதில் ஒரு விதி: தளபதி நட்பு நாட்டுப் படையை நடத்தினால் பகடையில் விழும் எண்ணில் ஒன்று கழியும். "வேற நாட்டுக்காரர் சொன்னா சிப்பாய் கேக்க மாட்டாங்க பாட்டி" என்றான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

1809இல் போர்ச்சுக்கல் தன் சேனையைச் சீர்படுத்த பிரிட்டனிடம் ஒரு தளபதியைக் கேட்டது. வந்தவர் பெரெஸ்ஃபோர்டு. மதீராத் தீவில் இருந்தபோதே போர்ச்சுகீசிய மொழி கற்றவர். பிரிட்டன் கொடுத்த பணத்தில் சிப்பாய்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் ஒழுங்காகக் கிடைக்கச் செய்தார். மேலதிகாரி பிரிட்டிஷ்காரர் என்றால் அடுத்த நிலையில் போர்ச்சுகீசியர் என்று மாற்றி மாற்றி அமர்த்தினார். கண்டிப்பும் அதிகம்தான். ஒன்றரை ஆண்டில், 1810 செப்டம்பர் 27 அன்று, புசாக்கோ மலைமுகட்டில் வெலிங்டன் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் போர்ச்சுகீசியர்கள். பிரெஞ்சுத் தாக்குதலைத் தோளோடு தோள் நின்று தடுத்தார்கள்.

இனி 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெதர்லாந்து இளவரசர் வில்லியமுக்கு வயது 22. அவருக்குக் கீழே பிரிட்டிஷ், ஜெர்மானியப் படைகளும் இருந்தன. லா ஹே சாந்த் பண்ணைக்கு அருகே முன்னேறச் சொன்னபோது, எதிரிக் குதிரைப்படை பக்கத்திலேயே இருக்கிறது என்று ஜெர்மானியக் கர்னல் ஓம்ப்டேடா எச்சரித்தார். இளவரசர் பிடிவாதம் பிடித்தார். கர்னல் போனார், இறந்தார். அவரது படையும் சிதறியது. இங்கே படை கேட்காமல் போகவில்லையே! கேட்டதால்தான் அழிந்தது. குறை இளவரசரின் நாடு அல்ல, அனுபவமின்மை.

விதியில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே ஆண்டு மே மாதம் லியேஜ் நகரில் சாக்சனிச் சிப்பாய்கள் பிரஷ்யத் தளபதி ப்ளூஹருக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். ஆனால் அவர்களது நாட்டைப் பங்கு போட்டு, படைப்பிரிவுகளையும் பிரிக்கப் போன ஆத்திரம் அது.

விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புக்கு நான் போனால் முதல் நாள் ஒரே கூச்சல்தான். பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த பிறகு அடங்கிவிடுவீர்கள். நினைவிருக்கிறதா?

ஆகவே பேரனிடம் சொன்னேன்: புதிதாக வந்த தளபதிக்கு ஒன்று கழி. படையோடு ஓராண்டு இருந்து, மொழி தெரிந்து, சம்பளமும் சோறும் தவறாமல் கொடுத்தவருக்குக் கழிக்காதே. இரண்டு ஆட்டம் ஆடிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறான்.

உங்களில் பலர் வெளிநாடுகளில் வேற்று மொழிக்காரர்களை வைத்து வேலை வாங்குகிறீர்கள். நான் சொல்வது சரியா? எழுதுங்கள்.