இரண்டு வழி இருந்தால் பேக்கப் ஆகிவிடுமா?

கோவையிலிருந்து திருப்பூருக்கு அவினாசி வழியாகவும் போகலாம், பல்லடம் வழியாகவும் போகலாம். பெரிய கம்பெனிகளில் சர்வருக்கும், தகவல்கள் இருக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நடுவே இப்படித்தான் இரண்டு கேபிள்கள் போடுவார்கள். சும்மா விட்டால் விண்டோஸ் ஒரே டிஸ்க்கை இரண்டாகக் காட்டும். அதைச் சரிசெய்யும் எம்.பி.ஐ.ஓ. வசதி, விண்டோஸ் சர்வர் 2008 முதல் கூடவே வருகிறது. ஒரு கேபிள் போனால் மற்றதில் வேலை நடக்கும். இரண்டும் இருந்தால் ரவுண்ட் ராபின் முறையில் மாற்றி மாற்றி அனுப்பலாம்.

இதையே பேக்கப் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். திருப்பூரில் குடோனே எரிந்துவிட்டால், இரண்டு ரோடும் திறந்திருந்து என்ன, பனியன் வருமா? நீங்கள் அழித்த ஃபைலும் அப்படித்தான். வீட்டுக்குத் தேவை இரண்டாவது ஹார்ட் டிஸ்க். குழந்தையின் போட்டோக்களை அதில் காப்பி செய்து, கழற்றி பீரோவில் வையுங்கள்.