டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு ஜீப்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அருவிக்குப் போகும் வழியில் பொம்மைக் கடைகள் முளைத்துவிடும். பையன்கள் டாங்கிக்குக் கை நீட்டுவார்கள். "சண்டைச் சாமான் எதற்கு?" என்று அதட்டுவார்கள் பெரியவர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வாங்கிக் கொடுங்கள், சேர்க்கட்டும். ஆனால் டாங்கியை மட்டும் சேர்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

1965 செப்டம்பர். பஞ்சாபில் கேம்கரன் பக்கம் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் புகுந்தன. பாட்டன் என்றால் தாத்தா அல்ல. அமெரிக்காவில் செய்த டாங்கி. எடை நாற்பது டன்னுக்கு மேல்! அவற்றை எதிர்த்து நின்றார் ஹவில்தார் அப்துல் ஹமீது. தையல்காரர் வீட்டுப் பிள்ளை. அவரிடம் இருந்தது ஒரு ஜீப். அதன்மேல் ஒரு பீரங்கி. வயலில் மறைந்திருந்து பல டாங்கிகளை நொறுக்கினார். 10-ஆம் தேதி அவரும் மாண்டார். பரம்வீர் சக்கரம் அவர் குடும்பத்துக்குத்தான் வந்தது.

அசலில் 72-இல் ஒரு பங்காகச் செய்தால், பாட்டன் ஏறக்குறைய இரண்டு தீப்பெட்டி நீளம். ஜீப் ஒரு தீப்பெட்டிகூட இராது. இரண்டையும் அருகருகே வைத்துப் பையனிடம் காட்ட வேண்டும்.

அந்த ஜீப் கடையில் கிடைக்காவிட்டால் என்ன? தென்காசிக் கடைத்தெருவில் அட்டை வாங்கி வீட்டிலேயே வெட்டி ஒட்டலாம். பீரங்கிக் குழாய்க்குத் தீர்ந்துபோன பேனா ரீபில் போதும். ஜீப் எவ்வளவு நீளமோ, குழாயும் அவ்வளவு நீளம் இருக்கட்டும், அசலிலும் அப்படித்தான்.