சுண்ணாம்பு தடவாத குற்றம்

நண்பருக்குப் பதவி உயர்வு. "வாங்க, புதுசா ஒரு இடம் திறந்திருக்கு. சாதா பார் இல்லை, கிராஃப்ட் காக்டெயில் லவுஞ்ச்!" என்று சென்னையின் நட்சத்திர ஓட்டல் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மங்கலான வெளிச்சம். மெதுவான சங்கீதம். பி.காம். படித்த புத்தி இருக்கிறதே, அது மெனு கார்டில் முதலில் வலது பக்கத்தைத்தான் பார்க்கும். 1,200 ரூபாய்க்குக் கீழே ஒன்றுமே இல்லை. பிறகுதான் இடது பக்கம் பார்த்தேன். ஒரு காக்டெயிலுக்குப் பெயர், 'பனங்காட்டு நரி'!

ஆர்டர் செய்தேன். மார்பில் தோல் ஏப்ரன் கட்டிய இளைஞர் வந்தார். பார்டெண்டர் என்று சொல்லக் கூடாதாம், மிக்ஸாலஜிஸ்ட். ஜின், சுக்கு, எலுமிச்சை, உடன்குடி கருப்பட்டிப் பாகு. பளிங்கு மாதிரி ஒற்றைக் கட்டி ஐஸ். மேலே ஒரு நுங்குத் துண்டு. "இது நம்ம மண்ணோட கதை சார். பனைமரத்தை செலிப்ரேட் பண்றோம்" என்றார்.

பொய் சொல்வானேன்? ருசியாகத்தான் இருந்தது. அந்தப் பையன் தன் வேலையை மதித்துச் செய்கிறான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து பில் 1,600-ஐத் தாண்டியபோதுகூடக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த 'கிராஃப்ட்' என்ற வார்த்தைதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கிராஃப்ட் என்றால் கைவினை. எது சார் கைவினை?

சில வருடங்களுக்கு முன்பு, தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் ஒரு பனையேறியைச் சந்தித்தேன். அவர் மார்பிலும் தோல் இருந்தது. அழகுக்கு இல்லை, மரம் நெஞ்சைக் கிழிக்காமல் இருக்க. காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி, பாளையை மெலிசாகச் சீவி, கலயம் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சீவுவது ஆழமாகிவிட்டால் பாளை வீண். கால் நழுவினால் ஆளே வீண்.

அவர் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "தம்பி, கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதனீர். தடவலைன்னா கேஸு!"

இதைவிடச் சுருக்கமாக நம் மதுக்கொள்கையை யாராலும் விளக்க முடியாது. அதே மரம், அதே பாளை, அதே மனிதர். சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காது, சட்டமும் சும்மா இருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு தானாகவே புளித்துக் கள்ளாகும், பனையேறி குற்றவாளி ஆவார். 1978-ல் பனையை மாநில மரமாக அறிவித்த அதே தமிழ்நாட்டில்தான், 1987 முதல் கள்ளுக்குத் தடை.

சரி, கள்ளில் போதை எவ்வளவு? புதுக் கள்ளில் ஏறக்குறைய நான்கைந்து சதவிகிதம் ஆல்கஹால். நேரம் போகப் போகக் கூடும். அரசாங்கமே கவுன்ட்டர் போட்டு விற்கும் பிராந்தியில், விஸ்கியில் 42.8 சதவிகிதம். அதில் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சிய சாராயம். 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. 2023-24ல் வருமானம் 45,855 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 125 கோடி! இத்தனையும் எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது தெரியுமா? 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம்! சிரிக்காதீர்கள், சட்டத்தின் பெயரே அதுதான்.

"கள்ளில் கலப்படம் செய்வார்களே?" என்று கேட்பீர்கள். செய்வார்கள். பாலிலும்தான் செய்கிறார்கள், மாட்டையா தடை பண்ணினோம்? கலப்படம் செய்கிறவனைப் பிடிப்பதற்குத்தானே அரசாங்கம்? கள்ளுக்குத் தடை இருக்கும்போதுதான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் எந்தப் பனைமரத்திலிருந்தும் இறங்கவில்லை.

"கள்ளுக்கடை குடும்பத்தைக் கெடுக்கவில்லையா?" இது நியாயமான கேள்வி. கெடுத்தது. அதனால்தான் பெரியார் தன் தோப்பில் இருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். கள்ளை மருந்து என்று கொண்டாடும் கூட்டத்தில் நான் இல்லை. அளவு மீறினால் அதுவும் விஷம்தான். ஆனால் பெரியார் முதலில் வெட்டியது தன்னுடைய மரத்தை! நாம் அடுத்தவன் பிழைப்பை வெட்டிவிட்டு, நமக்கு ஏ.சி. அறையில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது ரொம்ப எளிமையானது. பூரண மதுவிலக்கு வேண்டுமா? தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் முதல் பூட்டு, நான் உட்கார்ந்திருந்த லவுஞ்சுக்கு. இரண்டாவது பூட்டு டாஸ்மாக்குக்கு. கடைசியில் பனையேறியிடம் வாருங்கள். அது முடியாது, மது இருந்தே தீரும் என்றால், அவருக்கும் உரிமம் கொடுங்கள். கூட்டுறவுச் சங்கம் வையுங்கள். அன்று இறக்கியது அன்றே விற்க வேண்டும், 21 வயதுக்குக் கீழே கிடையாது, உணவுப் பாதுகாப்பு அதிகாரி வாரா வாரம் சோதிக்கட்டும். பக்கத்துக் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கின்றன. அங்கே நடக்கிறது நமக்கு மட்டும் ஏன் முடியாது?

நீங்கள் குடிக்காதவராக இருக்கலாம். மகிழ்ச்சி, அப்படியே இருங்கள். இது குடியைப் பற்றிய கேள்வி இல்லை. பணம் இருக்கிறவன் குடித்தால் ரசனை, இல்லாதவன் குடித்தால் ஒழுக்கக்கேடு, மரமேறி இறக்கினால் குற்றம் என்று மூன்று தராசு வைத்திருக்கிறோமே, அதைப் பற்றிய கேள்வி.

வெளியே வரும்போது அந்த இளைஞர் வாசல்வரை வந்தார். "பனங்காட்டு நரி எப்படி சார்?" என்றார்.

"பிரமாதம் தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல?

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாதாம். பனையேறி மட்டும் இன்னும் ஜீப் சத்தத்துக்கு அஞ்சிக்கொண்டிருக்கிறார்.