கிட்டார் வாசிக்கும் தம்பிகளுக்கு: அந்த வால்வு ஆம்ப்பை இறக்கி வைக்கலாம்



இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், டெங்கு எதுவும் கிடையாது. கிட்டார் ஆம்ப் பற்றி ஒரு நீளமான இழை.

"டாக்டருக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் விஷயம் ஓ.பி.யில் என் எதிரே வந்து உட்கார்ந்தது. அதனால் எழுதுகிறேன்.

24 வயது தம்பி. காய்ச்சல் இல்லை, சளி இல்லை.

"சார், காதுக்குள்ள கொய்ங்ங்னு ஒரு சத்தம். மூணு வாரமா நிக்கவே மாட்டேங்குது. ராத்திரி ஃபேனை ஆஃப் பண்ணிட்டா தூங்கவே முடியல சார்."

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, செவிப்பறை சுத்தமாக இருந்தது. நான் காது மூக்கு தொண்டை நிபுணர் இல்லை, சாதாரண எம்பிபிஎஸ். அதனால் நிபுணரிடம் அனுப்பி ஆடியோகிராம் எடுக்கச் சொன்னேன்.

ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தான். கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்து 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து, 8000-ல் மறுபடி மேலே ஏறுகிறது. ரெண்டு காதிலும் அதே கதை. அதிக சத்தத்தால் கெட்டுப்போன காதின் கையெழுத்து இதுதான்.

"என்ன தம்பி வேலை பார்க்குற? மில்லா? லேத்தா?"

"இல்ல சார், கடையில கணக்கு எழுதறேன். ஆனா பேண்டுல கிட்டார் வாசிக்கிறேன்."

அப்புறம் நாங்கள் பேசியதைக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். ஏனென்றால் நானும் கல்லூரி நாட்களில் வாசித்தவன். பத்துக்குப் பத்து அறை, டிரம்ஸ், பக்கத்தில் 50 வாட்ஸ் வால்வு ஆம்ப், வாரம் ரெண்டு நாள், ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம்.

"இதை விட்டுட்டு ஒரு டிஜிட்டல் மாடலர் வாங்கிக்கலாமேப்பா?"

"அதுல உயிர் இல்ல சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதிவு.

கிட்டார் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாரை அப்படியே மீட்டினால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். அதன் பலவீனமான மின்சமிக்ஞையைப் பெரிதாக்கி ஸ்பீக்கரில் விடுவது ஆம்ப். தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் ஒரு கண்ணாடிக் குழாய் மினுக்கிக்கொண்டு இருக்குமே, அதேதான் இதன் உள்ளேயும் இருக்கிறது.

அந்த வால்வுக்கு ஒரு குணம் உண்டு. தாங்கும் அளவுக்கு மேலே வேலை வாங்கினால் ஒலி அலையின் உச்சி மழுங்கும். ஒலி கரகரக்கும். இன்ஜினியரிங் கணக்கில் இது கோளாறு. ஆனால் அந்தக் கோளாறைத்தான் ராக் இசை அறுபது வருடமாகக் காதலித்துக்கொண்டிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த இனிப்பான கரகரப்பு வேண்டுமானால் வால்வை முக்க வைக்க வேண்டும். முக்க வைத்தால் சத்தம் கூரையைப் பிய்க்கும். இதமான சத்தத்தில் அந்த டோன் வராது.

மாடலர் என்ன செய்கிறது? வால்வு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன்னால் வைத்த மைக் ஆகிய எல்லாம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்குப் போட்டுத் தருகிறது. சத்தம் எவ்வளவு வேண்டும் என்பதை டோனைத் தொடாமல் நாம் முடிவு செய்யலாம். எனக்கு முக்கியமான வாக்கியம் இதுதான்.

சரி, இந்த ஆம்ப்கள் ஏன் இவ்வளவு சத்தமாகச் செய்யப்பட்டன தெரியுமா? டோனுக்காக இல்லைங்க. வேறு வழி இல்லாததால்.

1962-ல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பை அடியொற்றித் தன் முதல் ஆம்ப்பைச் செய்ய வைத்தார். சில வருடங்களில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் "இன்னும் சத்தம் வேண்டும்" என்று வந்து நிற்க, 100 வாட்ஸ் ஆம்ப் பிறந்தது.

அன்று பி.ஏ. சிஸ்டம் என்பது பாடகருக்கு மட்டும்தான். அதுவும் சொற்பம். கடைசி வரிசையில் நிற்பவனுக்கு கிட்டார் கேட்க வேண்டுமானால் மேடையில் இருக்கும் ஆம்ப்தான் அங்கே வரை தள்ள வேண்டும். 1965-ல் நியூயார்க்கின் ஷேய் ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தார்கள். வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட்ஸ் ஆம்ப்கள் இருந்தும் ரசிகர்களின் அலறலைத் தாண்ட முடியவில்லை.

இன்று நம் ஊர் கோயில் திருவிழா மேடையில் கூட எல்லா வாத்தியமும் மிக்ஸர் வழியாகப் போய் பெரிய ஸ்பீக்கரில் வருகிறது. 100 வாட்ஸ் ஆம்ப் எதற்காகப் பிறந்ததோ அந்தத் தேவை போய்விட்டது. ஆம்ப் மட்டும் அப்படியே நிற்கிறது, வாசிப்பவன் காதில் இருந்து நாலடி தூரத்தில்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் காது போகிறது.

கிட்டார் பெட்டிகளில் பிரபலமான செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு வெறும் 1 வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரும். 10 வாட்ஸ் கொடுத்தால் 110.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை என்ன? ஒரு நாளைக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம். 91-க்கு 2. 100-க்கு 15 நிமிடம். 110-க்கு சுமார் ஒன்றரை நிமிடம்.

ஒன்றரை நிமிடம்! ஒரு பாட்டின் முதல் சரணம் முடிவதற்குள் அன்றைய கோட்டா தீர்ந்தது. கிட்டார் இடைவிடாமல் ஒரே அளவில் ஒலிக்காது என்பது உண்மைதான். அதற்காக மூன்று மணி நேரத்தை ஒன்றரை நிமிடத்துக்குள் அடைக்க முடியாது.

"சின்ன ஆம்ப் வாங்கிக்கிறேன் டாக்டர்" என்பவர்களுக்கு: 50 வாட்ஸில் இருந்து 5 வாட்ஸுக்கு இறங்கினால் குறைவது வெறும் 10 டெசிபல். வாட்ஸ் பத்தில் ஒன்றாகும், காதுக்குக் கேட்கும் சத்தம் ஏறத்தாழ பாதிதான் ஆகும். 5 வாட்ஸ் வால்வு ஆம்ப்பை முழுசாகத் திருகினால் அதுவும் 100-ஐத் தாண்டும்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு, அதற்குள் பதினைந்தாயிரம் சொச்சம் முடி செல்கள். பிறக்கும்போது கொடுத்தது அவ்வளவுதான். தோல் வளரும், எலும்பு கூடும், கல்லீரல் கூட வளரும். இந்தச் செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. கச்சேரி முடிந்த ராத்திரி காது அடைத்து, காலையில் சரியாகிவிடுகிறதே, "பிரச்சனை இல்லை" என்று நினைக்காதீர்கள். கேட்கும் திறன் திரும்பிய பிறகும் உள்ளே நரம்பு இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருக்கலாம் என்று 2009-ல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது.

அந்த 'கொய்ங்'கை நிறுத்த மாத்திரை இருக்கிறதா? இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது "உயிர் இல்லை" விவகாரத்துக்கு வருவோம்.

ஒரு காலத்தில் நானும் இதையே சொன்னவன். லைன் 6 நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த 'பாட்' என்ற சிவப்புப் பெட்டி எங்கள் சீனியர் ஒருவரிடம் இருந்தது. பார்க்க அச்சு அசல் கிட்னி ட்ரே. தியேட்டரில் கொண்டுபோய் வைத்தால் சிஸ்டர் அதில் பஞ்சு போட்டுவிடுவார். ஒலியும் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். அன்று திட்டியது சரி.

ஆனால் அந்தத் தீர்ப்பையே இன்றும் வாசித்துக்கொண்டிருப்பது சரியில்லை. 2011-ல் வந்த கெம்பர், உண்மையான ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதை அளந்து நகல் எடுத்தது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆம்ப்புக்குள் போன ஒலி, வெளியே வந்த ஒலி, சில நிமிடப் பதிவு போதும், கற்றுக்கொள்கிறது. மெட்டாலிகா 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் ஒரு சின்னக் கூடாரத்தில் வாசித்தார்கள். கேட்டவர்கள் எல்லோர் தலையிலும் ஹெட்ஃபோன். வெளியே பெங்குவினுக்குத் தொந்தரவு இல்லை. அந்தக் காலகட்டத்தில் இருந்து அவர்கள் மேடையில் கிட்டார் ஒலி ஃப்ராக்டல் நிறுவனத்தின் மாடலரில் இருந்துதான் வருகிறது. இவர்களுக்கு வால்வு வாங்கக் காசில்லாமலா?

இன்னொன்று. நீங்கள் உயிர் என்று நினைப்பதில் பெரும்பகுதி வெறும் சத்தம். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடித்தொனியையும் உச்சத் தொனியையும் சரியாகப் பிடிக்காது. சத்தம் ஏற ஏற அவை நிரம்பி வரும். ஆகவே எதைச் சத்தமாக வைத்தாலும் அது "நல்லா" கேட்கும். நண்பனின் வால்வு ஆம்ப் 105 டெசிபல், உன் மாடலர் ஹெட்ஃபோனில் 75 என்றால், நீ ஒப்பிட்டது டோனை இல்லை தம்பி. ரெண்டையும் ஒரே அளவுக்கு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் பேசலாம்.

நீங்கள் உருகி உருகிக் கேட்ட ஆல்பங்களில் ஏறத்தாழ எதிலுமே ஆம்ப் நேராக உங்கள் காதுக்கு வரவில்லை. ஸ்பீக்கர் முன்னால் வைத்த மைக் கேட்டதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். மாடலர் தருவதும் அதைத்தான்.

பொய் சொல்ல மாட்டேன், இழப்பு இருக்கிறது. பெரிய ஆம்ப் முன்னால் நிற்கும்போது பேண்ட் கால் நடுங்கும், ஸ்பீக்கரின் ஒலியே தந்தியைப் பிடித்து உலுக்கி ஸ்வரத்தை நீட்டும். இன்-இயர் மாட்டிக்கொண்டு வாசித்தால் அது வராது. பழைய வால்வு ஆம்ப்பை ஐம்பது வருடம் கழித்தும் சால்டரிங் அயர்ன் வைத்து ஒரு மெக்கானிக் உயிர்ப்பிப்பார். மாடலர் ஒரு கம்ப்யூட்டர், பத்து வருடத்தில் வயசாகிவிடும். இதில் நான் வால்வு கட்சிதான். (வால்வு ஆம்ப்பை நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.)

ஆம்ப்பை விற்க மனசு வராதவர்கள் விற்க வேண்டாம். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டென்யுவேட்டர் என்று ஒரு பெட்டி உண்டு, சக்தியைத் தானே விழுங்கிக்கொள்ளும். அதுவும் ஒரு வழி. எனக்குக் காதுதான் கணக்கு, பிராண்ட் சண்டை இல்லை.

கதைக்குத் திரும்புவோம். ரெண்டு மாதம் கழித்து அந்தத் தம்பி வந்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு மாடலர் வாங்கிவிட்டானாம். முகத்தில் பெருமை. எனக்கும் பெருமை.

"ராத்திரி எவ்வளவு நேரம் வாசிக்கிற?"

"ஹெட்ஃபோன் தானே சார், யாருக்கும் தொந்தரவு இல்ல. ரெண்டு மணி வரைக்கும்."

"வால்யூம்?"

சிரித்தான். "ஃபுல்லு சார்."

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

100 வாட்ஸ் கேட்டு வாங்கிய பீட் டவுன்ஷெண்ட்டைச் சொன்னேன் இல்லையா, அவர் காதும் போனது. ஆனால் அவர் பெரிதும் குறை சொன்னது மேடையை இல்லை, ஸ்டுடியோவில் மணிக்கணக்காக மாட்டியிருந்த ஹெட்ஃபோனை. மாடலர் நமக்குத் தருவது சத்தத்தைக் குறைக்கும் வசதி மட்டும்தான், திருகுவது நம் விரல். ஹெட்ஃபோனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கவில்லை என்றால் கூடிப்போச்சு என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றி வைத்துவிட்டுத் தண்ணி குடியுங்கள்.

மேடைக்கும் பயிற்சி அறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காது அடைப்பான் இருக்கிறது. பஞ்சு மாதிரியான சாதாரண அடைப்பான் உச்சத் தொனியை அதிகம் வெட்டி ஒலியை மந்தமாக்கும். இது எல்லாவற்றையும் கிட்டத்தட்ட சமமாகக் குறைக்கும். ரெண்டு மூணு செட் ஸ்ட்ரிங் விலைதான்.

ஒரே காதில் திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் "காலையில பார்த்துக்கலாம்" வேண்டாம். அது அவசரம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். போகும்போது வாசலில் நின்று ஒரு சந்தேகம் கேட்டான்.

"சார், நான் குறைச்சிடறேன். டிரம்ஸுக்கு வால்யூம் நாப் இல்லையே, அதை என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. அடுத்த தடவை டிரம்மரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.